பாட்டு வந்த பாதை – 11: பத்து நிமிடத்தில் பதிவான பின்பக்கப் பாட்டு

லண்டனில் 1974-ஆம் ஆண்டு, மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கூடம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரே பாட்டுக்குப் போய்விட்டது. அமெரிக்கரான லாரி வைஸ் எழுதிய ‘ஐ வாண்ட் டு கிவ் யூ மை எவரிதிங்’ என்ற பாட்டு அது. இசைத்தட்டின் முன்பக்கத்துக்கு அதுதான் என்று முடிவாகியிருந்தது. தட்டு என்றால் பின்பக்கமும் வேண்டும். பாடகர் கார்ல் டக்ளஸ் ஜமைக்காவில் பிறந்தவர். தான் எழுதி வைத்திருந்த சில பாட்டுகளின் வரிகளை எடுத்து நீட்டினார். தயாரிப்பாளர் அதில் ஒன்றைப் பொறுக்கி மெட்டுப் போட்டார். வாடகை நேரத்தில் மிச்சமிருந்தது பத்து நிமிடம். இரண்டே டேக்கில் பதிவு முடிந்தது. பின்பக்கத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிச்சலில் ‘ஹூ’, ‘ஹா’ என்று சண்டைக் கூச்சல்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் ராபின் பிளாஞ்ச்ஃபிளவர் என்ற அதிகாரி இரண்டு பாட்டையும் கேட்டார். தட்டைத் திருப்பிப் போடுங்கள், பின்பக்கம்தான் முன்பக்கம் என்றார். அந்தப் பின்பக்கப் பாட்டின் பெயர் ‘குங்ஃபூ ஃபைட்டிங்’. புரூஸ் லீ இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உலகமெங்கும் பையன்கள் கையைக் காலை வீசிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் தொடக்கத்தில் வானொலிகள் இந்தப் பாட்டைக் கண்டுகொள்ளவில்லை. நடனக் கூடங்களில் ஆடியவர்கள்தான் கடைக்குப் போய்த் தட்டைக் கேட்டார்கள். அந்தச் செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம், டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

மெட்டுப் போட்டுத் தயாரித்தவர் பெங்களூரில் பிறந்த குடகுக்காரர். பெயர் பிட்டு அப்பையா. இசைத்தட்டில் ‘பிட்டு’ என்று மட்டும் இருக்கும்.

திரைப்பாட்டுக்கு வெளியே நம் நாட்டில் பாட்டு எப்படிப் பிழைத்தது என்பதைத்தான் இந்தத் தொடரில் சில வாரங்களாகப் பார்த்து வருகிறோம். அந்தக் கதையில் பிட்டுவுக்கு இரண்டு அத்தியாயம் உண்டு. இரண்டையும் அவர் லண்டனிலிருந்தபடியே எழுதினார். 80-களில் கேசட் கேட்டு வளர்ந்த எங்கள் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அவர் போட்ட பாட்டுகள் தெரியும். பாடிய பெண்களின் பெயரும் ஓரளவு தெரியும். அவரைத் தெரியாது. இந்த வாரம் அவரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

தொடக்கம் பெங்களூரில், வானொலியில். 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க மறுத்ததையும், நேயர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிக்குத் திரும்பியதையும் முன்பே சொல்லியிருக்கிறேன். 1957-இல் விவிதபாரதி வந்த பிறகும் இலங்கையின் பிடி தளரவில்லை. தென்னாற்காட்டுப் பக்கத்தில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்காகச் சிற்றலையைத் திருகிக்கொண்டிருந்தவர்கள் பலர். அதே கொழும்பிலிருந்து ஆங்கிலப் பாட்டுகளும் ஒலிபரப்பாயின. பெங்களூரில் பள்ளிப் பையனான பிட்டு கேட்டது அதை. ஒரே நிலையம் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குத் தமிழ்ப் பாட்டையும், கன்டோன்மென்ட் வீடுகளுக்கு எல்விஸ் பிரெஸ்லியையும் கொண்டுவந்து சேர்த்தது. இந்தியாவின் பாப் இசை வரலாற்றை எந்தப் பக்கம் தொட்டாலும் கொழும்பில் போய் முட்டுகிறோம்.

பிட்டு கிட்டார் கற்றார். நண்பர்களோடு சேர்ந்து ‘ட்ரோஜன்ஸ்’ என்று ஒரு குழு தொடங்கினார். பெங்களூரில் கொஞ்சம் பெயர் கிடைத்ததும் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் ட்ரிங்காஸ், பம்பாயின் வெனிஸ் என்று மேடைகள் வந்தன. (பின்னாளில் உஷா உதூப்பின் குரலுக்குப் பெயர் வாங்கித் தந்த மேடைகளில் ட்ரிங்காஸும் ஒன்று. அவர் 1969-இல் முதன்முதலாகப் பாடியது நம் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில்.) குழு கலைந்தது. ‘ஒற்றை ட்ரோஜன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு பிட்டு தனியாகப் பாடினார்.

அந்தக் காலத்து இந்தியாவில் ஆங்கிலத்தில் பாடும் ஒரு பையனுக்கு எதிரே இருந்தது சுவர்தான். விடுதி மேடைகளில் கேட்டதெல்லாம் பீட்டில்ஸ் பாட்டு, கிளிஃப் ரிச்சர்ட் பாட்டு. அச்சாக அப்படியே பாடினால் கைதட்டல். சொந்தமாக ஒன்றை எழுதிப் பாடினால் கேட்க ஆளில்லை, தட்டாகப் போட நிறுவனமும் இல்லை. இசைத்தட்டு வணிகம் சினிமாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பிட்டு 1967-இல் புறப்பட்டார். மத்திய கிழக்கு நாடுகள் வழியாக, போகிற இடத்தில் பாடிப் பிழைத்து, லண்டன் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்த இடத்தில் கிடைத்த வேலை அமெரிக்கத் தூதரகத்தின் சமையற்கூடத்தில். அதே 1967-இல் ரீகல் ஸோனோஃபோன் நிறுவனம் ‘டாட்டர் ஆஃப் லவ்’ என்று அவர் குரலில் ஒரு தட்டு வெளியிட்டது. விற்கவில்லை. பாடகராக அவர் முயன்ற மற்றவையும் பெரிதாக எடுபடவில்லை. இப்போது பழைய தட்டு சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அப்போது யாரும் வாங்கவில்லை.

இங்கேதான் மனிதர் திரும்பினார். தன் குரல் சந்தையில் நிற்காது என்று தெரிந்த பிறகும் இசையை விடாமல், மற்றவர் குரலுக்குப் பின்னால் போய் நின்றார். 1969-இல் ஜப்பானில் ‘தி டைகர்ஸ்’ என்ற குழு மிகப் பிரபலம். பீ ஜீஸ் சகோதரர்களில் பாரியும் மோரிஸும் எழுதிய ‘ஸ்மைல் ஃபார் மீ’ பாட்டை அந்தக் குழுவுக்குத் தயாரித்துக் கொடுத்தவர் பிட்டு. அது ஜப்பானில் நன்றாக ஓடியது. 1972-இல் ‘எம்பஸி’ என்ற பிரிட்டிஷ் படத்துக்கு இசை அமைத்தார். அதற்குப் பிறகுதான் நாம் முதலில் பார்த்த அந்தப் பத்து நிமிடம்.

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் என்பவர் செய்யும் வேலையை நம் சினிமா வழக்கத்தை வைத்துப் புரிந்துகொள்வது கடினம். நம்மிடம் பணம் போடுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர். மேற்கே பாப் இசையில் தயாரிப்பாளர்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். எந்தக் குரலுக்கு எந்தச் சுருதி, வயலின் எங்கே நுழைய வேண்டும், டிரம் எவ்வளவு முன்னால் கேட்க வேண்டும், எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது, எல்லாம் அவர் பொறுப்பு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்குள் போனவர்களுக்கு இதை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது, ஓரத்தில் களி படிகிறது, மிச்சக் குழம்பைச் சாய்த்து எடுத்துவிடுகிறார்கள். காயவைத்து, சுட்டு, மேற்பூச்சுப் பூசி, மறுபடியும் சூளை. கடையில் பொம்மையைக் கையில் எடுப்பவர் அதன் கண்ணையும் வண்ணத்தையும்தான் பார்க்கிறார். அச்சு செதுக்கியவர் யார், எப்போது சூளையைத் திறக்கலாம் என்று சொன்னவர் யார் என்று அவருக்குத் தெரியாது. பிட்டு செய்தது அந்த வேலை.

குங்ஃபூ ஒரு குருட்டு அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு 1976-இல் பதில் வந்தது. மற்றவர் தட்டுகளில் பின்னணி பாடிக்கொண்டிருந்த பெண் டீனா சார்ல்ஸ். ‘5000 வோல்ட்ஸ்’ குழுவின் ‘ஐ ஆம் ஆன் ஃபயர்’ பாட்டில் ஒலித்தது அவர் குரல்தான். பிட்டு அவரை முன்னால் நிறுத்தித் தயாரித்த ‘ஐ லவ் டு லவ்’ அந்த ஆண்டு மார்ச்சில் மூன்று வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. மெலிந்த, துள்ளலான குரல்; அதற்குக் கீழே அசையாமல் நடக்கும் தாளம்; மேலே வயலின்களின் வீச்சு. இந்த மூன்றும்தான் பிட்டுவின் அடையாளம். தன் பெயரிலேயே ‘பிட்டு ஆர்கெஸ்ட்ரா’ என்று குரலில்லாத தட்டுகளும் வெளியிட்டார். மிஷேல் லெக்ராண்டின் ‘சம்மர் ஆஃப் 42’ திரைப்பட இசையை அவர் நடனத்துக்கு ஏற்றபடி மாற்றியமைத்தது 1975-இல் பிரிட்டனின் முதல் இருபதுக்குள் வந்தது.

டீனா சார்ல்ஸின் மேடைக் குழுவில் வாசித்தவர்களில் இருவர் ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ். 1979-இல் இவர்கள் ‘பகிள்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பான பாட்டும் அதுதான். ட்ரெவர் ஹார்ன் பிறகு 80-களின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவரானார். பெங்களூர்ப் பையன் இருந்த வட்டம் எவ்வளவு பெரியது என்று காட்டவே இதைச் சொல்கிறேன்.

இந்தியா அவரைத் திரும்ப அழைத்தது ஒரு நடிகர் மூலமாக. ஃபெரோஸ் கான் ‘குர்பானி’ எடுத்துக்கொண்டிருந்தார். படத்துக்கு இசை கல்யாண்ஜி – ஆனந்த்ஜி. ஒரே ஒரு பாட்டு மட்டும் புதிதாக, மேற்கத்திய நடனக் கூடத்தில் ஒலிப்பது போல வேண்டும் என்று பிட்டுவிடம் வந்தார். கராச்சியில் பிறந்து லண்டனில் படித்துக்கொண்டிருந்த நாஸியா ஹசன் என்ற 15 வயதுப் பெண்ணை ஃபெரோஸ் கான் ஒரு விருந்தில் சந்தித்து, பிட்டுவிடம் அனுப்பி வைத்திருந்தார். ‘ஆப் ஜைசா கோயி’ அப்படிப் பிறந்தது. திரையில் ஜீனத் அமன். பின்னால் ஒரு பள்ளிப் பெண்ணின் குரல்.

அந்தப் பாட்டு எங்கள் காதுக்கு ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1980-இல் சென்னையிலும் பம்பாயிலும் பாட்டுப் பதிவு என்றால் வயலின்கள், தபலா, புல்லாங்குழல், பாடகர் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடுவது பொதுவான முறை. ஒருவர் தப்பினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. நம் இசைக் கலைஞர்களின் அசாத்தியத் திறமை அந்தக் கட்டாயத்தில் வளர்ந்தது. அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். லண்டனில் பிட்டு பயன்படுத்தியது 24 தட நாடா. டிரம் ஒரு தடத்தில், பேஸ் கிட்டார் இன்னொன்றில், குரல் வேறொன்றில். ஒவ்வொன்றையும் தனியாகப் பதிந்து, பிறகு கூட்டிக் குறைத்துச் சேர்க்கலாம். சின்னப் பெண்ணின் மெல்லிய குரலை இரண்டு முறை பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தடிமனாக்கினார். லதாவும் ஆஷாவும் ஆண்டுகொண்டிருந்த இந்தித் திரையிசையில், பயிற்சியின் மெருகு ஏறாத அந்தக் குரல் பக்கத்து வீட்டுப் பெண் பாடுவது போலக் கேட்டது. 1981-இல் நாஸியாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அந்த வயதில் அதை வாங்கியவர் அதற்கு முன் யாருமில்லை.

‘குர்பானி’யின் கதை 1986-இல் ‘விடுதலை’ என்று தமிழுக்கு வந்ததும், சிவாஜியும் ரஜினியும் அதில் நடித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு இசை சந்திரபோஸ்.

படப்பாட்டு வெற்றி பெற்றால் அடுத்த படத்துக்கு ஓடுவதுதான் வழக்கம். பிட்டு வேறு பக்கம் போனார். நாஸியாவையும் அவர் தம்பி ஸோஹேபையும் வைத்து 1981-இல் ‘டிஸ்கோ தீவானே’ வெளியிட்டார். படம் இல்லை, கதாநாயகன் இல்லை, போஸ்டர் இல்லை. இந்தி மொழியில் வெறும் பாட்டுகள். அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மட்டுமின்றி, இந்தியே தெரியாத தென்னமெரிக்க நாடுகளிலும் விற்றது. திரைக்கு வெளியே இந்தியில் ஒரு பாப் ஆல்பம் இவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டிய முதல் முயற்சி இதுதான் என்பது என் கணிப்பு. கஜலும் பக்திப் பாடலும் ஏற்கெனவே தனியாக விற்றுக்கொண்டிருந்தன, பாப் விற்கவில்லை. 1982-இல் குமார் கௌரவ் நடித்த ‘ஸ்டார்’ படத்துக்கும் பிட்டு இசை அமைத்தார். படம் ஓடவில்லை. அதன் பாட்டுகள் ‘பூம் பூம்’ என்ற பெயரில் படத்தைத் தாண்டி ஓடின. 1984-இல் ‘யங் தரங்’.

விருத்தாசலம் போன்ற ஊருக்கு இவையெல்லாம் வந்த வழி கேசட்தான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒன்று, கடைவீதியில் பதிவுக் கடை ஒன்று. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கிடைக்கும். பட்டியலில் இளையராஜா பன்னிரண்டு இருக்கும்; நாடாவில் மிச்சமாகும் இடத்தில் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு இந்தி ஒன்றைப் போட்டு நிரப்பித் தருவார். அப்படி அழையாமல் வந்து நுழைந்த பாட்டுகளில் நாஸியா உண்டு. சினிமாப் பாட்டா, தனிப்பாட்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கேசட்டின் மேல் கையால் எழுதிய துண்டுச் சீட்டு அதைச் சொல்லாது. சட்டப்படி அது திருட்டுப் பதிவு. பிட்டு போன்றவர்களுக்குக் காசு சேராமல் போனதற்கும், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாமல் போனதற்கும் அந்தக் கடைகள் ஒரு காரணம். ஆனால் அவை இல்லையென்றால் சூளைத் தெருக்களில் அந்தப் பாட்டு ஒலித்தேயிருக்காது. இரண்டும் உண்மை.

இரண்டாவது அத்தியாயம் 90-களில். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்துவிட்டது. ஸ்டார் வழியாக எம்டிவி, பிறகு 1994-இல் சேனல் வி. தமிழுக்கு 1993-இல் சன் டிவி. நாள் முழுக்க ஒளிபரப்ப அவற்றுக்குப் பாட்டு வேண்டும். சினிமாவுக்கு வெளியே பார்க்கக்கூடிய பாட்டும் வேண்டும். பிட்டு அந்தப் பசியைச் சரியாகக் கணித்தார். ஷ்வேதா ஷெட்டியின் ‘ஜானி ஜோக்கர்’ அவர் தயாரிப்பு. அடுத்து ஒரு மெட்டு கையில் இருந்தது. எனக்கு ஓர் இந்திய மாப்பிள்ளை போதும் என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு. அதை நாஸியா பாட வேண்டும் என்பதுதான் பிட்டுவின் ஆசை. நாஸியா மறுத்துவிட்டார். பாகிஸ்தான்காரியான தான் இந்தியாவைப் புகழ்ந்து பாடினால் தன் நாட்டு மக்கள் மனம் புண்படும் என்று நினைத்தார்.

இந்த மறுப்பை நான் மரியாதையோடு பார்க்கிறேன். 15 வயதில் ஓர் இந்தியப் படத்தில் பாடி இந்த நாட்டின் விருதை வாங்கிய பெண், இரு நாட்டிலும் சமமாக நேசிக்கப்பட்டவர், 30-ஐ நெருங்கும்போது ஒரு பாட்டின் தலைப்பைப் பார்த்துத் தயங்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் காரணமல்ல. வாகாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேசட் போய்வந்தது. பாடியவர் அவ்வளவு சுலபமாகப் போய்வர முடியவில்லை. நாஸியா 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 35 வயதில், லண்டனில் புற்றுநோயால் இறந்தார்.

பாட்டு அலிஷா சினாயிடம் போனது. ‘மேட் இன் இந்தியா’ 1995-இல் மேக்னாசவுண்ட் வெளியீடாக வந்தது. கென் கோஷ் எடுத்த வீடியோவில் அரண்மனை, அரசகுமாரியாக அலிஷா, மரப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வரும் மிலிந்த் சோமன். இந்தி தெரியாத தமிழ் வீட்டிலும் அந்த வீடியோ தெரியும். இந்தியப் பாப் ஆல்பங்களுக்கு அதுவரை இல்லாத விற்பனை, லட்சக்கணக்கில். அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் நாட்டில் தனி ஆல்பம் வெளியிடாத பாடகர் இல்லை என்னும் நிலை. பிட்டுவே ஷானையும் அவர் அக்கா சாகரிகாவையும் வைத்து ‘நௌஜவான்’ தயாரித்தார்.

சென்னையிலும் அசைவு இருந்தது. மால்குடி சுபா ஆங்கிலத்தில் பாடி, மேக்னாசவுண்ட் வெளியிட்ட ‘செட் மீ ஃப்ரீ’ ஆல்பத்துக்கு இசை அமைத்தவர் அப்போது விளம்பரப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். அது ‘ரோஜா’வுக்கு முன். 1992-இல் ‘ரோஜா’ வந்ததும் ஏ.ஆர். ரகுமானைச் சினிமா எடுத்துக்கொண்டது. பல தடத்தில் பதிவது, குரலை அடுக்குவது, புதுக்குரலைத் துணிந்து நிறுத்துவது என்று பிட்டு திரைக்கு வெளியே செய்தவற்றை ரகுமான் திரைக்கு உள்ளேயே செய்து காட்டினார். ஒரு வகையில் தமிழில் தனிப்பாட்டு வளராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுமைக்காக வெளியே போகவேண்டிய தேவையே நம் காதுக்கு இல்லாமல் போனது. இளையராஜாவும் அதைத்தான் செய்திருந்தார். 1982-இன் ‘சகலகலா வல்லவன்’ புத்தாண்டுப் பாட்டு இன்றுவரை எந்தத் தனி ஆல்பத்துக்கும் இடம் விடவில்லை. நல்லது நடந்தது, கூடவே ஓர் இழப்பும் நடந்தது. படத்தின் கதைக்குப் பொருந்தாத, யாருக்காகவும் எழுதாத, தன் மனத்தை மட்டும் பாடும் ஒரு தமிழ்க்குரலுக்கு நம் சந்தையில் நெடுங்காலம் கடை கிடைக்கவில்லை.

2000-க்குப் பிறகு வடக்கிலும் அந்த அலை வற்றியது. எம்பி3 வந்து கேசட் விற்பனை சரிந்தது. நிறுவனங்கள் பணத்தைப் பெரிய படங்களின் பாட்டுரிமையில் போட்டன. பிட்டு எழுத்துக்குத் திரும்பினார். 2010-இல் தன் வாழ்க்கையை ‘மேட் இன் இந்தியா’ என்ற பெயரிலேயே புத்தகமாக்கினார். அதன் பிறகு நாவலும் எழுதினார். 2012-இல் கரண் ஜோஹரின் ‘ஸ்டூடண்ட் ஆஃப் த இயர்’ படத்தில் ‘டிஸ்கோ தீவானே’ புது உருவில் வந்தபோது, அதற்கு ஆடிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது தங்கள் பெற்றோரின் பாட்டு என்றே தெரியாது. படத்தை நம்பாமல் பிறந்த பாட்டு 31 ஆண்டுகள் கழித்துப் படத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

தமிழில் திரைக்கு வெளியே பாப் பாடிப் பெயர் வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் வந்தது சென்னையிலிருந்தல்ல, யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும். கிட்டாரும் பைலா தாளமுமாக அவர்கள் பாடியதை நம் ஊர்த் திருமண வீடுகள் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டன. சிலோன் மனோகரும் நித்தி கனகரத்தினமும் அடுத்த இதழில்.

(தொடரும்)